நடு வாசலில் நின்றுபோன எண்ணிக்கை: ஆர்எஃப்ஐடி டேக் மோதல் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஆடித் தள்ளுபடி தொடங்க மூன்று வாரமே இருந்த நிலையில், மாதவரத்தில் உள்ள ஒரு புடவைக் கிடங்கிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. தியாகராய நகரில் கடை வைத்திருக்கும் அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. ஒவ்வொரு புடவையின் விலைச் சீட்டுக்குள்ளும் ஓர் ஆர்எஃப்ஐடி டேக்கை (ரேடியோ அலையில் தன் எண்ணைச் சொல்லும் சில்லை) வைத்து, கிடங்கு வாசலின் இருபுறமும் ஆன்டெனாக்களைப் பொருத்தி, டிராலியைத் தள்ளிக்கொண்டு போகும்போதே அதிலுள்ள புடவைகள் அனைத்தும் கணக்கில் ஏறிவிட வேண்டும் என்பது அவர்களுடைய ஏற்பாடு. நான்கு தட்டுகள் கொண்ட ஒரு டிராலியில் ஏறக்குறைய 400 புடவைகள் இருக்கும். கணக்கில் ஏறியதோ நூற்றுச் சொச்சம்தான். மீதியைக் கையால் எண்ணி, பழைய பேரேட்டு முறையிலேயே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அமைப்பை நிறுவிக் கொடுத்தவர் இரண்டு முறை வந்து பார்த்திருக்கிறார். "டேக்குகள் மோதிக்கொள்கின்றன", அதாவது பல டேக்குகள் ஒரே நேரத்தில் பதில் சொல்லிக் குழம்புகின்றன என்று சொல்லிவிட்டு, ஆன்டெனாக்கள் வழியே டேக்குகளைப் படிக்கும் கருவியான ரீடரின் பவரைக் கூட்டியிருக்கிறார். கூட்டிய பிறகு எண்ணிக்கை இன்னும் குறைந்தது. மோதல் என்று அவர் சொன்னது சரி. ஆனால் செய்த வைத்தியம் அந்த நோய்க்கு நேர் எதிரானது. இதே வைத்தியம் இதே கிடங்கில் பின்னர் ஒரு கட்டத்தில் சரியானதாக ஆனது என்பதையும், அது எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது என்பதை எதைப் பார்த்துத் தீர்மானித்தோம் என்பதையும் பதிவு செய்யவே இதை எழுதுகிறேன்.

மேற்பார்வையாளர் கண்டது

நான் போன முதல் நாள், கிடங்கின் மேற்பார்வையாளர் என்னைத் திரைக்கு முன்னால் நிறுத்திவிட்டு, ஒரு பையனிடம் டிராலியை மெதுவாகத் தள்ளச் சொன்னார். "உள்ள நுழையறப்பவும் வெளிய போறப்பவும் நம்பர் ஓடுது சார். நடு வாசல்ல நின்னா அப்படியே உறைஞ்சு போயிடுது" என்றார். அவர் சொன்னபடியேதான் நடந்தது. டிராலியின் முன்விளிம்பு ஆன்டெனாவுக்கு நேராக வந்தபோது எண் பரபரவென்று ஏறியது. வண்டி முழுவதும் வாசலுக்குள் வந்தவுடன் நின்றது. அங்கேயே அரை நிமிடம் நிறுத்தி வைத்தும் அவ்வப்போது ஒன்று கூடியதே தவிர வேறு அசைவில்லை. பின்பகுதி மட்டும் வாசலில் மிஞ்சியபோது மறுபடியும் ஓடத் தொடங்கியது. அதன் பிறகு இரண்டு வாரம் நான் செய்த சோதனைகளில் எதுவும் அந்த ஒரு வாக்கியம் தந்த அளவுக்குத் துப்புத் தரவில்லை.

டேக் எட்டவில்லை, சக்தி போதவில்லை என்பது மட்டும் குறையாக இருந்தால், நடு வாசலில்தான் எண்ணிக்கை மிக வேகமாக ஓட வேண்டும். அங்கேதான் நான்கு ஆன்டெனாக்களின் அலையும் நன்றாக எட்டுகிறது. அங்கே எண்ணிக்கை நிற்கிறது என்றால், டேக்குகள் விழிக்காததால் அல்ல, எல்லாம் ஒருசேர விழித்துக்கொண்டதால்தான் அது நிற்கிறது என்று கொள்ள வேண்டும்.

டேக்குகள் ஏன் முறைவைத்துப் பேச முடியாது

விலைச் சீட்டுக்குள் இருக்கும் டேக்கில் பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்பும் அலையிலிருந்தே அது சக்தியை எடுத்துக்கொள்கிறது. அந்த அலையையே ஏற்றியும் இறக்கியும் திருப்பிப் பிரதிபலித்துப் பதில் சொல்கிறது. பக்கத்துப் புடவையின் டேக் என்ன சொல்கிறது என்பதைக் கேட்கும் காது அதற்கு இல்லை. வைஃபை கருவிகளைப் போல, "யாராவது பேசுகிறார்களா" என்று கவனித்துவிட்டுப் பேசும் வசதி இங்கே கிடையாது. எனவே ஒழுங்கை முழுக்க முழுக்க ரீடர்தான் ஏற்படுத்த வேண்டும்.

இதே சிக்கல் ஹவாய்த் தீவுகளில் முன்பே எழுந்தது. ஒன்றையொன்று கேட்க முடியாதபடி வெவ்வேறு தீவுகளில் இருந்த கணினி முனையங்களை ஒரே வானொலி அலைவரிசையில் இணைக்க, நார்மன் ஆப்ராம்சன் தலைமையில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் உருவான அலோஹா வலையமைப்பு 1971-இல் இயங்கத் தொடங்கியது. அவரவர் விருப்பப்பட்ட நேரத்தில் பேசலாம், மோதினால் சற்றுப் பொறுத்து மறுபடியும் பேசலாம் என்பதே அதன் விதி. இப்படிப் பேசினால் நேரத்தில் அதிகபட்சம் 18.4 விழுக்காடுதான் பயன்படும். 1972-இல் லாரன்ஸ் ராபர்ட்ஸ் நேரத்தைச் சம அளவுத் துண்டுகளாக வெட்டி, துண்டின் தொடக்கத்தில் மட்டுமே பேசலாம் என்று ஆக்கியபோது அது இரட்டிப்பாகி 36.8 விழுக்காடானது. அந்தத் துண்டுக்குத்தான் ஸ்லாட் என்று பெயர்.

இன்று ஜவுளி, மருந்து, சுங்கச்சாவடி என்று எங்கும் புழங்கும் யுஎச்எஃப் (மீயுயர் அதிர்வெண்) டேக்குகளின் நெறிமுறை, 2004-இல் ஏற்கப்பட்ட இரண்டாம் தலைமுறை இபிசி தரம்; இபிசி என்பது ஒவ்வொரு பொருளுக்கும் உரிய மின்னணு அடையாள எண். அதன் அடிப்படையும் இந்த ஸ்லாட் முறையே. ரீடர் ஒரு சுற்றைத் தொடங்கும்போது க்யூ என்ற ஓர் எண்ணை அறிவிக்கிறது. அது 0 முதல் 15 வரை இருக்கலாம். 2-இன் க்யூ அடுக்கு எவ்வளவோ, அத்தனை ஸ்லாட்டுகள் அந்தச் சுற்றில் உண்டு. ஒவ்வொரு டேக்கும் அவற்றுள் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்துக்கொண்டு காத்திருக்கிறது. தன் முறை வந்ததும் உடனே தன் முழு எண்ணையும் சொல்லிவிடாமல், ஆர்என்16 எனப்படும் 16 பிட் தற்போக்கு எண்ணை மட்டும் சொல்கிறது. ரீடர் அதை அப்படியே திருப்பிச் சொன்னால்தான் டேக் தன் இபிசி எண்ணை வெளியிடுகிறது. இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுவே: இருவர் மோதிக்கொண்டாலும் வீணாவது அந்தப் பதினாறு பிட்டுக்கான நேரம் மட்டுமே, 96 பிட் இபிசியும் பிழைச் சோதனைப் பிட்டுகளும் போகும் நேரம் அல்ல.

மோதிய டேக்குகளின் கதி என்ன என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அவை அடுத்த ஸ்லாட்டிலேயே மீண்டும் முயல்வதில்லை. பூச்சியத்தில் இருக்கும் அவற்றின் ஸ்லாட் எண்ணி (தன் முறைக்கு இன்னும் எத்தனை ஸ்லாட் என்று காட்டும் எண்), அடுத்த கட்டளையில் ஒன்று குறையும்போது எட்டாத உயரத்துக்குச் சுற்றிப் போய்விடுவதால், ரீடர் புதிய சுற்றைத் தொடங்கும்வரை அல்லது க்யூவை மாற்றி அறிவிக்கும்வரை அவை வாயே திறப்பதில்லை. ஆகவே தவறான க்யூவோடு தொடங்கிய சுற்றில் மோதியவர்களுக்கு அந்தச் சுற்று முடிந்துபோன கதைதான்.

ரீடரின் அமைப்புப் பக்கத்தில் இருந்தது

ரீடரின் அமைப்புகளைத் திறந்து பார்த்தபோது, க்யூ 4 என்று நிலையாக வைக்கப்பட்டிருந்தது. தானாக மாற்றிக்கொள்ளும் வசதி அணைக்கப்பட்டிருந்தது. அதாவது ஒரு சுற்றுக்கு 16 ஸ்லாட். ஏன் அப்படி என்று விசாரித்ததில், விற்பனைக்கு முன் உரிமையாளரின் அலுவலகத்தில் பத்து டேக்குகளை மேசைமேல் பரப்பிச் செயல்விளக்கம் காட்டியபோது வைத்த அமைப்பு அது என்று தெரிந்தது. பத்து டேக்குக்கு 16 ஸ்லாட் என்பது நல்ல தேர்வுதான். மேசைமேல் பரப்பிய பத்து டேக்குகளிடம் தோற்றுப்போன ரீடரை நான் இதுவரை கண்டதில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். 16 ஸ்லாட்டில் 30 டேக்குகள் போட்டியிட்டால், தனியாக அமர்ந்து வெற்றி பெறுபவை சராசரியாக 4.6. டேக்குகள் 60 ஆனால் அது 1.3. 100 ஆனால் 0.17, அதாவது ஆறு சுற்றுக்கு ஒரு டேக். 400 விழித்திருந்தால் அந்த எண், புள்ளிக்குப் பின் எட்டுப் பூச்சியங்களுக்குப் பிறகுதான் தொடங்குகிறது, நடைமுறையில் பூச்சியமே. டிராலியின் முன்விளிம்பு நுழையும்போது முப்பது நாற்பது டேக்குகள் மட்டுமே விழித்திருப்பதால் எண் ஓடுகிறது. வண்டி முழுவதும் உள்ளே வந்ததும் உறைகிறது. பெரும்பகுதி வெளியேறி, மிச்சம் சிலவே விழித்திருக்கும்போது மறுபடி ஓடுகிறது. மேற்பார்வையாளரின் வாக்கியம் இந்தக் கணக்கோடு வரிக்கு வரி பொருந்துகிறது. பவரைக் கூட்டியபோது எண்ணிக்கை ஏன் குறைந்தது என்பதும் இதிலேயே விளங்கும்: முன்விளிம்பு நுழையும்போதே உள்ளடுக்கு டேக்குகளும் விழித்துக்கொண்டன. முன்பு கிடைத்த சொற்ப இடைவெளியும் அடைபட்டுப் போயிற்று.

சரியான க்யூ எது? 400 டேக்குக்கு க்யூ 8 வைத்தால் 256 ஸ்லாட். முதல் சுற்றில் 84 தனி (ஒரே ஒரு டேக் பேசும் ஸ்லாட்), 53 காலி, 119 மோதல். க்யூ 9 வைத்தால் 512 ஸ்லாட். 183 தனி, 234 காலி, 94 மோதல். க்யூ 10 என்றால் 1024 ஸ்லாட்டில் 271 தனி, 693 காலி, 60 மோதல். ஸ்லாட் எண்ணிக்கையை வைத்து மட்டும் பார்த்தால் க்யூ 9 சிறந்தது, 35.8 விழுக்காடு ஸ்லாட்டுகள் பயன்படுகின்றன. ஆனால் ஸ்லாட்டுகள் எல்லாம் ஒரே நீளம் கொண்டவை அல்ல. காலி ஸ்லாட்டில் பதில் வரவில்லை என்று தெரிந்தவுடன் ரீடர் அடுத்ததற்குத் தாவிவிடும். மோதிய ஸ்லாட்டில் 16 பிட் முழுவதும் வந்து முடியும்வரை காத்திருக்க வேண்டும். காலி இருக்கை மலிவு, மோதல் விலை கூடியது. ஆகவே கடிகாரப்படி பார்த்தால், டேக்குக்கு ஒரு ஸ்லாட் என்று பாடநூல் சொல்லும் அளவைவிடச் சற்றுப் பெரிய சுற்றே நல்லது என்பது என் அனுபவம். சிறியதாகத் தவறுவதைவிடப் பெரியதாகத் தவறுவதில் இழப்பு குறைவு.

தானாக மாறும் முறையை இயக்கினோம். அந்த முறையில் ரீடர் க்யூவை ஒரு தசம எண்ணாக வைத்துக்கொண்டு, மோதலுக்கு ஒரு சிறு அளவைக் கூட்டி, காலி ஸ்லாட்டுக்கு அதே அளவைக் கழித்துக்கொண்டே வரும். அந்த அளவு 0.1-க்கும் 0.5-க்கும் இடையில் இருக்கலாம் என்கிறது தரம். 0.3 என்று கொண்டால், க்யூ 4-இல் தொடங்கினாலும் ஏறக்குறைய எல்லா ஸ்லாட்டும் மோதலாகவே வருவதால், பதினைந்து இருபது ஸ்லாட்டுக்குள் 8-ஐ எட்டிவிடும். தொடக்க மதிப்பு எதுவாக இருந்தாலும் பெரிய கேடில்லை. அதை நகரவிடாமல் ஆணி அடித்து வைத்ததே கேடு.

இதற்கு மாற்றாக, ஒரு சுற்று முழுவதையும் நடத்தி, மோதல்களை எண்ணி, எஞ்சிய டேக்குகளை மதிப்பிட்டு அடுத்த சுற்றின் அளவைத் தீர்மானிக்கும் வழியும் உண்டு. மோதிய ஸ்லாட் ஒன்றுக்குச் சராசரியாக 2.39 டேக்குகள் என்று கொள்ளலாம் என்று 1983-இல் ஃபிரிட்ஸ் ஷூட் காட்டினார். இந்த எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஸ்லாட்டுகளும் டேக்குகளும் ஏறக்குறைய சமமாக இருக்கும்போதுதான் அது சரி. மேலே சொன்ன க்யூ 8 சுற்றில் 119 மோதலை 2.39-ஆல் பெருக்கினால் 284 வருகிறது. உண்மையில் எஞ்சியவை 316. நெரிசல் கூடக் கூட ஒரு மோதலுக்குள் ஒளிந்திருப்பவர்கள் கூடுகிறார்கள், மதிப்பீடோ பின்தங்குகிறது.

ஹாஜர் எடுப்பதுபோல் கூப்பிட்டால் என்ன?

உரிமையாளரின் மகன் கணினிப் பொறியியல் மாணவர். "சார், இது என்ன குலுக்கல் சீட்டு மாதிரி? நம்பர் வரிசைப்படி கூப்பிட்டா மோதலே வராதே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. முழு எண்ணையும் தெரியாமல் ஹாஜர் எடுக்க முடியாது என்றாலும், முன்னொட்டால் கூப்பிடலாம்: 0-இல் தொடங்குபவர்கள் பேசுங்கள், மோதினால், 00-இல் தொடங்குபவர்கள், பிறகு 01-இல் தொடங்குபவர்கள் என்று கிளை பிரித்துக்கொண்டே போகலாம். மர வழி எனப்படும் இம்முறை 2004-க்கு முந்தைய முதல் தலைமுறை டேக்குகளில் இருந்தது. மெட்ரோ அட்டை வகையைச் சேர்ந்த 13.56 மெகாஹெர்ட்ஸ் அட்டைகளில் ஒரு பிரிவு இன்றும் பிட் பிட்டாகவே கிளை பிரிகிறது. பர்சுக்குள் இரண்டு அட்டை இருப்பதை நுழைவாயில் கண்டுகொள்வது இப்படித்தான்.

அவரோடு உட்கார்ந்து ஒரு தாளில் போட்டுப் பார்த்தோம். 96 பிட் இபிசியில் தலைப்பு 8 பிட், வடிகட்டி 3, பிரிப்பு 3, நிறுவன எண்ணும் பொருள் எண்ணும் சேர்ந்து 44, வரிசை எண் 38. நம் நாட்டு நிறுவனங்களின் பார்கோடு எண் 890 என்று தொடங்குவது நம் பெட்டிக்கடை பிஸ்கட் பொட்டலத்திலேயே தெரியும்; அந்த எண்தான் இதற்குள்ளும் போய் உட்கார்ந்திருக்கிறது. ஒரே ரகப் புடவை 400 என்றால் முதல் 58 பிட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றே. அந்த 58 படியிலும் ஒரு பக்கம் மோதல், மறுபக்கம் காலி. 116 கேள்விகள் பலனின்றிப் போகும். வரிசை எண் 1 முதல் 400 வரை என்றால் அதன் முதல் 29 பிட்டும் பூச்சியம். இன்னும் 58 கேள்விகள். இதுவரை பார்த்ததும், மர வழி தோற்றுவிட்டது என்று நான் சொல்லப் போனேன். ஆனால் அதற்குப் பிறகு எஞ்சும் 9 பிட் மரம் ஏறக்குறைய நிரம்பிய மரம். அதில் 400 பேரையும் பிரித்தெடுக்க 800 கேள்விகள் போதும். மொத்தம் 975 அளவில் வருகிறது. குலுக்கல் முறை சிறந்த நிலையிலேயே ஒரு டேக்குக்கு 2.718 ஸ்லாட் கேட்கும், 400-க்கு 1087. ஸ்லாட் எண்ணிக்கையில் மாணவர்தான் வென்றார்.

ஆனாலும் நேரத்தில் தோற்றார். மரத்தின் அடிக்கிளையில் ஒவ்வொரு கேள்வியிலும் ரீடர் 90 பிட்டுக்கு மேல் முன்னொட்டைச் சொல்லியாக வேண்டும். ரீடரிலிருந்து டேக்குக்குப் போகும் வழி மெதுவானது. மெதுவான அமைப்பில் அது வினாடிக்கு 26.7 கிலோபிட். ஒரு கேள்விக்கு மூன்றரை மில்லி வினாடி போய்விடும். குலுக்கல் முறையில் "அடுத்த ஸ்லாட்" என்று சொல்லும் கட்டளையின் நீளம் வெறும் 4 பிட். மேலும் டிராலியில் ஒரே ரகம் வருவதும் அபூர்வம். விற்றதும் திரும்பி வந்ததும் கலந்து, வரிசை எண்கள் சிதறிக் கிடக்கும்போது மரத்தின் அடிப்பகுதி நிரம்பிய மரமாகவும் இருக்காது. அப்போது ஒரு டேக்குக்கு 2.9 கேள்விகள் அளவில் ஆகும்.

திரும்பத் திரும்பப் பேசியவர்கள்

க்யூவைச் சரிசெய்ததும் எண்ணிக்கை பெரிதும் ஏறியது. ஆனால் 400-ஐத் தொடவில்லை. பதிவேட்டைப் பார்த்தால், சில டேக்குகள் ஒரே கடப்பில் இருபது முப்பது முறை படிக்கப்பட்டிருந்தன, சில ஒரு முறைகூடப் படிக்கப்படவில்லை. டிராலியின் வெளிவிளிம்பில் இருந்த புடவைகளே மீண்டும் மீண்டும் வந்தன.

காரணம் செஷன் எனப்படும் அமைப்பில் இருந்தது. ஒரு டேக் படிக்கப்பட்டதும் தன் கொடியை (படித்தாயிற்றா என்று காட்டும் குறியை) ஏ-யிலிருந்து பி-க்கு மாற்றிக்கொண்டு ஒதுங்கிவிட வேண்டும். அந்தக் கொடி எவ்வளவு நேரம் நினைவில் நிற்கும் என்பது செஷனைப் பொறுத்தது. செஷன் 0 என்றால் சக்தி போனதும் மறதி. இங்கே வைக்கப்பட்டிருந்தது அதுதான். நான்கு ஆன்டெனாக்களை ரீடர் மாற்றி மாற்றி இயக்குகிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடைவெளியில் டேக்கின் உயிர் போய் வருகிறது. வந்ததும், எதுவும் அறியாததுபோல் மறுபடியும் வரிசையில் நிற்கிறது. பந்தியில் சாப்பிட்டவர்களே கைகழுவிவிட்டு வந்து மறுபந்தியிலும் முதலில் உட்கார்ந்தால், வாசலில் நிற்பவர்களுக்கு இலை எப்போது கிடைக்கும்?

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. இரு டேக்குகள் ஒரே ஸ்லாட்டில் மோதினாலும், ஒன்றின் பதில் மிக வலுவாகவும் மற்றது மெலிந்தும் இருந்தால், ரீடர் வலுவானதைப் புரிந்துகொண்டுவிடும். இதனால் மொத்தத் திறன் கணக்கில் வந்த 36.8 விழுக்காட்டைத் தாண்டுவதும் உண்டு. கேட்க நல்ல செய்திபோல் இருக்கும். ஆனால் வலுத்தவர் ஒதுங்காமல் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தால், உள்ளடுக்கில் இருக்கும் மெலிந்தவர் ஒவ்வொரு மோதலிலும் தோற்றுக்கொண்டே இருப்பார். செஷன் 2-க்கு மாற்றினோம். அதில் சக்தி போன பிறகும் குறைந்தது 2 வினாடி கொடி நிற்கும். வெளிவிளிம்பு டேக்குகள் ஒருமுறை பேசிவிட்டு அடங்கின, உள்ளிருந்தவை வெளிப்பட்டன. திரையில் 390-ஐத் தாண்டியது.

அந்த மகிழ்ச்சியில், உறுதிசெய்துகொள்ள அதே டிராலியை உடனே திருப்பித் தள்ளச் சொன்னேன். திரையில் ஒன்றிரண்டைத் தவிர எதுவும் வரவில்லை. மேற்பார்வையாளரின் முகம் வாடியது. எனக்கும் ஒரு கணம் புரியவில்லை. டேக்குகள் எல்லாம் இன்னும் பி கொடியோடு அடங்கியிருந்தன. தரம் 2 வினாடி என்று சொல்வது கீழ்வரம்பு மட்டுமே, சில சில்லுகள் அதைவிட நெடுநேரம் நினைவு வைத்திருக்கும். வாசலில் இருந்த ஒளி உணரி டிராலியைக் கண்டவுடன், செஷன் 2 கொடிகள் அனைத்தையும் ஏ-க்குத் திருப்பும் தேர்வுக் கட்டளையை ஒருமுறை அனுப்பிவிட்டுச் சுற்றைத் தொடங்கும்படி அமைத்த பிறகு இது தீர்ந்தது. இந்தப் பொறியில் நான் விழுந்தது இது முதல் முறை அல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பக்கத்து வாசல்

இந்தக் கிடங்குக்கு வரவு வாசல் ஒன்று, செலவு வாசல் ஒன்று. இரண்டுக்கும் இடையே சில அடிகளே. இரண்டு ரீடரும் ஒரே நேரத்தில் இயங்கும்போது, வரவு வாசலில் ஒரு டிராலியும் இல்லாத வேளையிலும் க்யூ ஏறிக்கொண்டே போனதைக் கவனித்தோம். பக்கத்து ரீடரின் அலையை இந்த ரீடர் மோதிய பதில் என்று எடுத்துக்கொண்டிருந்தது.

இந்தியாவில் இவ்வகை ரீடர்களுக்கு 2005-இல் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இன்றி அனுமதிக்கப்பட்டது. கதிர்வீச்சுத் திறன் 4 வாட்டைத் தாண்டக்கூடாது, ஒரு தடத்தின் அகலம் 200 கிலோஹெர்ட்ஸ். ரீடர்களை வெவ்வேறு தடங்களில் வைத்தால் அவை ஒன்றையொன்று வடிகட்டிக்கொள்ளும். ஆனால் டேக்கால் அது முடியாது. அதனிடம் இருப்பது அலையின் ஏற்ற இறக்கத்தை மட்டும் உணரும் எளிய சுற்று. எந்தத் தடத்தில் வந்தாலும் எல்லாம் அதற்கு ஒன்றுதான். இரண்டு ரீடரும் ஒரே சமயம் கட்டளையிட்டால் அது இரண்டையும் புரிந்துகொள்ளாமல் திகைக்கும். எனவே தடப் பிரிப்போடு, ஒரு வாசலின் உணரி தூண்டப்பட்டால் மற்றது ஓய்ந்திருக்கும்படி மாற்றி அமைத்தோம். பவரையும் பழைய அளவுக்கு இறக்கினோம்.

எஞ்சிய மூன்று

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு டிராலியில் 397 வந்தது. மூன்று குறைந்தது. இந்த இடத்தில்தான் பலரும் மறுபடி க்யூவோடு மல்லுக்கட்டத் தொடங்குவார்கள். எல்எல்ஆர்பி என்னும் ரீடர் நெறிமுறையில், மோதிய ஸ்லாட்டுகளும் காலி ஸ்லாட்டுகளும் எத்தனை என்று கேட்டுப் பெற இடம் உண்டு. எல்லா ரீடர்களும் அதை நிரப்பித் தருவதில்லை, இந்த ரீடர் தந்தது. கடைசிச் சில சுற்றுகளைப் பார்த்தோம். மோதல் பூச்சியம், தனி பூச்சியம், எல்லாம் காலி. அந்த மூன்று புடவைகளும் மோதவில்லை. அவை பேசவே இல்லை. பேசாதவரை எந்த அல்காரிதத்தாலும் பேசவைக்க முடியாது. முதல் நாள் இதே பட்டியலைப் பார்த்திருந்தால் அது தலைகீழாக, எல்லா ஸ்லாட்டும் மோதலாக இருந்திருக்கும். பவரைக் கூட்டலாமா கூடாதா என்ற தீர்மானத்தை அந்த இரண்டு எண்களே தந்திருக்கும்.

விடுபட்ட மூன்றும் எவை என்பது அனுப்பீட்டுப் பட்டியலிலிருந்து தெரிந்தது. மாணவரின் ஹாஜர் யோசனை இங்கே கைகொடுத்தது. கையடக்க ரீடரில் ஒரு முழு இபிசியைக் கொடுத்து, அந்த எண் கொண்டது மட்டும் பதில் சொல்லட்டும் என்று தேர்வுக் கட்டளை அனுப்பினால், போட்டியே இல்லாத நிலையில் அந்த ஒன்று மட்டும் பேசும். அருகில் போகப் போகக் கருவியின் ஒலி கூடும். மூன்றையும் பெட்டி பெட்டியாகத் தேடிப் பிடித்தோம். மூன்றுமே காஞ்சிபுரம் பட்டு, அகல ஜரிகைக் கரை. மடிப்பில் சீட்டு உள்பக்கமாக மடங்கி, டேக் அந்தக் கரையின்மேல் தட்டையாகப் படுத்திருந்தது. அசல் ஜரிகை என்பது வெள்ளிக் கம்பி சுற்றிப் பொன்முலாம் பூசிய இழை. டேக்கைப் பொறுத்தவரை அது ஓர் உலோகத் தகடு. தகட்டோடு ஒட்டிக் கிடக்கும் டேக்கின் ஆன்டெனா சுருதி விலகிவிடும். எழுவதற்குப் போதிய சக்தி அதற்குக் கிடைக்காது. சீட்டை வெளியே எடுத்துத் தொங்கவிட்ட அடுத்த கணமே கருவி கூவியது.

மறுநாள் முதல், மடிக்கும் மேசையில் ஒரு மாற்றம் செய்யப்பட்டது. சீட்டுக் கயிற்றைக் கரைப் பக்கம் கட்டாமல் ரவிக்கைத் துணி இருக்கும் முனையில் கட்டுவது, அடுக்கும்போது ஒரு புடவையின் சீட்டு இடப்பக்கமும் அடுத்ததன் சீட்டு வலப்பக்கமும் வரும்படி வைப்பது. டேக்கின்மேல் டேக் நேராக அமர்ந்தாலும் இரண்டும் ஒன்றையொன்று மந்தமாக்கும். பிறகு வரவு வாசலில் மட்டும் பவரைச் சட்ட வரம்புக்குள் சிறிது கூட்டினோம். இந்த முறை எண்ணிக்கை ஏறியது. உடல் முழுவதும் ஜரிகை ஓடும் முகூர்த்தப் புடவைகளை மட்டும் இந்த ஏற்பாட்டில் சேர்க்கவில்லை. அவற்றின் பெட்டிகளில் மஞ்சள் வில்லை ஒட்டி, வாசலைக் கடந்த பிறகு கையடக்க ரீடரால் தனியே எண்ணுகிறார்கள்.